ஒருத்தருக்கு மட்டும் இடம்

ஊருக்குத் திரும்பி எட்டு மாதமாகியும், காலையில் கண் விழித்ததும் அன்று என்ன கிழமை என்பது ஜெயஷீலாவுக்குச் சட்டென்று பிடிபடுவதில்லை. மாலத்தீவில் வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிறு பள்ளிக்கூடம். பதினாறு வருஷம் அப்படிப் பழகிவிட்ட உடம்பு. முத்தையாபுரத்து வாடகை வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக் கோயிலுக்குப் புறப்படும்போதுகூட, முதல் பீரியடுக்கு நேரமாகிவிட்டது என்று மனசு ஒரு தடவை பதறி அடங்கும்.

அவளும் கணவன் சுந்தர்சிங்கும் ஒரே தீவில் வேலை பார்த்தவர்கள். அவருக்குக் கணக்கு, அவளுக்கு உயிரியல். நாசரேத்திலிருந்து கல்யாணமான மூன்றாம் மாதம் போனார்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கால் மணி நேரத்தில் நடந்துவிடலாம், அவ்வளவுதான் தீவு. அங்கேதான் மகள் பெனிஷா வளர்ந்தாள். பிறகு அந்தத் தீவுப் பிள்ளைகளே படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு வந்தார்கள், வெளியூர்க்காரர்களின் வேலை அவர்களுக்குப் போனது. ஷீலாவின் வேலைக்கு வந்த பெண் அவளிடமே பத்தாம் வகுப்பு படித்தவள். ஆய்வகச் சாவியை அவள் கையில் கொடுக்கும்போது ஷீலாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தும்வரை அந்தப் பெருமை தாங்கியது.

இங்கே சுந்தர்சிங்குக்கு டவுனில் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. காலை ஏழேகாலுக்குப் பஸ் ஏறினால் திரும்ப இரவு எட்டாகிவிடும். தீவில் ஒரு வகுப்பில் பதினோரு பேர். பிள்ளைகளின் அண்ணன் தம்பி பெயர்கூட அவருக்குத் தெரியும். இங்கே ஐந்து பிரிவு, பிரிவுக்கு ஐம்பது பேர். "இன்னும் ஒருத்தன் பேரும் மனசுல நிக்க மாட்டேங்கு ஷீலா" என்று சொல்லிக்கொண்டே சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கண்ணயர்ந்துவிடுவார். ஷீலா ஏறி இறங்கிய பள்ளிக்கூடங்களில், வயதைப் பார்த்துவிட்டு, "ஜூன்ல பாப்போம் மேடம்" என்றார்கள்.

பெனிஷாவின் பாடுதான் பெரும்பாடு. வீட்டில் தமிழ் பேசி வளர்ந்தவள்தான், ஆனால் எழுத்து தெரியாது. ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை டெஸ்க்குக்கு அடியில் மறைத்து வைத்துப் படித்தாள். அரையாண்டில் தமிழுக்கு நாலு மார்க். பத்தாம் வகுப்பில் தமிழ்த் தாளுக்கு விலக்கு வாங்க ஷீலா அலுவலகம் அலுவலகமாக அலைந்தாள். போகிற இடத்திலெல்லாம் இன்னொரு சான்றிதழ் கேட்டார்கள். பெனிஷா எதையும் குறை சொல்லவில்லை. பள்ளி விட்டு வந்தால் கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வாள். அதுதான் ஷீலாவுக்குப் பயமாக இருந்தது.

மாடி வீட்டுக்காரி சந்தனமாரி ஒருநாள் படியில் வழிமறித்தாள். "டீச்சர், காணும் பொங்கலுக்கு முயல் தீவுக்கு வேன் பிடிச்சிருக்கோம். நீங்களும் வாங்க. பிள்ளய ரூமுக்குள்ளயே போட்டு வச்சா என்னத்துக்கு ஆகும்?"

சுந்தர்சிங் திருத்த வேண்டிய தாள்கள் இருப்பதாகச் சொல்லி வீட்டிலேயே தங்கிவிட்டார். தாயும் மகளும் போனார்கள்.

பேர்தான் தீவு, தரைவழியாகவே வேன் போய்விட்டது. கடற்கரை முழுக்க ஜனம். கரும்பும் புளியோதரையும் பாட்டுச் சத்தமுமாக இருந்தது. எல்லோரும் கணுக்காலளவு தண்ணீரில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் போனால் காவலர் விசில் ஊதினார். சந்தனமாரி கொடுத்த சுண்டலை வாங்கிக்கொண்டு ஷீலா திரும்பிப் பார்த்தபோது பெனிஷாவின் செருப்பு மட்டும் மணலில் கிடந்தது.

அவள் இடுப்பளவு தண்ணீரில் நடந்துகொண்டிருந்தாள். பிறகு தலையைக் குனிந்து உள்ளே போனாள். பத்துப் பன்னிரண்டு கை தள்ளி எழுந்து நிதானமாக நீந்த ஆரம்பித்தாள். ஷீலாவுக்கு முதலில் பயமே வரவில்லை. ஆறு வயதில் பவளப்பாறை விளிம்புவரை போய் வந்த பிள்ளை அது. எத்தனையோ நாளைக்குப் பிறகு அந்தத் தோள்கள் இளகி அசைவதைப் பார்த்தபோது அவளுக்கு மூச்சே லேசானது போலிருந்தது.

அப்போதுதான் யாரோ கத்தினார்கள். "ஏலே, பொம்பளப் பிள்ள ஒண்ணு போவுது! ஏ, பிள்ள போவுது!"

கரையே எழுந்து ஓடிவந்தது. விசில் விடாமல் ஒலித்தது. கைபேசிகள் உயர்ந்தன. "பெத்தவ பாத்துக்கிட்டுல்லா நிக்கா!" என்றாள் ஒருத்தி. "மனசு சரியில்லாத பிள்ளயோ என்னமோ" என்றது இன்னொரு குரல். அந்தச் சொல்தான் ஷீலாவைப் பிடித்து உலுக்கியது. சுண்டலைக் கீழே போட்டுவிட்டு, "பெனி! பெனி!" என்று சேலையோடு தண்ணீருக்குள் ஓடினாள்.

திரேஸ்புரத்திலிருந்து தன் குடும்பத்தை ஃபைபர் படகில் கூட்டி வந்திருந்த அமலன் என்ற மீனவர் படகைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் கையை நீட்டுவதும் பெனிஷா தலையசைத்து மறுப்பதும் கரையிலிருந்து தெரிந்தது. அவர் வற்புறுத்தவில்லை. எஞ்சினைக் குறைத்துக்கொண்டு, அவள் நீந்தும் வேகத்துக்குப் பக்கத்திலேயே படகை விட்டுக் கரைவரை கூடவே வந்தார்.

"ஒண்ணுமில்லக்கா" என்றார் ஷீலாவிடம். "பிள்ள நல்லா நீந்துதா. பயந்தது நாந்தான். ஆனா அங்கன நீரோட்டம் இழுக்கும், பாத்துக்கிடுங்க. இனிமே விட்ராதீங்க."

ஈரம் சொட்ட எதிரே வந்து நின்ற மகளை ஷீலா கன்னத்தில் அறைந்தாள். பதினாலு வருஷத்தில் முதல் அடி. அவ்வளவு பேர் பார்க்க.

பெனிஷா அழவில்லை. கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பின்ன எதுக்கும்மா இங்க எல்லாரும் கடலுக்கு வாராங்க?" என்று மட்டும் கேட்டாள். நிஜமாகவே விளங்காமல் கேட்ட கேள்வி அது.

வேனில் ஏறியதும் சந்தனமாரி தன் துண்டை எடுத்துப் பிள்ளையின் தோளில் போர்த்திவிட்டாள்.

அந்த வீடியோ மறுநாளே நாசரேத் போய்ச் சேர்ந்தது. சுந்தர்சிங்கின் அக்காள் ஞானதீபம் போனில் பொரிந்தாள். "தம்பி, அது நம்ம பெனியா? எங்க தெருவுல எல்லாவனும் வச்சுப் பாக்கானுவ. பொட்டப்பிள்ளய இப்பிடியா வளப்பிய?" சுந்தர்சிங் எல்லாவற்றுக்கும் "சரிக்கா, சரிக்கா" என்றார். போனை வைத்துவிட்டு ஷீலாவிடம், "நீ அடிச்சிருக்க வேண்டாம்" என்றார். கோபமில்லை. கோபப்படவும் அவரிடம் பலம் மிச்சமில்லை.

அந்த வாரமே ஷீலாவுக்கு ஒரு மெயில் வந்தது. மாலத்தீவின் தெற்குக் கோடியில் வேறொரு தீவு. உயிரியல் ஆசிரியை வேண்டும், பிப்ரவரியில் சேர வேண்டும், ஒருத்தர் தங்க அறை உண்டு, குடும்பத்துக்கு இடமில்லை. தீபாவளி சமயத்தில் இருவருமே விண்ணப்பித்திருந்தார்கள். அவருக்குப் பதிலே வரவில்லை.

சுந்தர்சிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். "போயிட்டு வா ஷீலா. ரெண்டு வருஷந்தான. பெனிய நான் பாத்துக்கிடுதேன்."

"எட்டு மணிக்கு வீட்டுக்கு வாரீங்க. எப்பிடிப் பாப்பீங்க?"

"பாக்கணும், பாப்பேன்." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "உனக்காவது கெடச்சிருக்கே. அங்க போனா நீ நீயா இருப்ப."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அங்கே அவள் ஷீலா மிஸ். படகுத்துறையில் இறங்கினால் பெட்டியைத் தூக்க நாலு கைகள் வரும். இங்கே அவள் கீழ் வீட்டுக்கு வாடகைக்கு வந்திருக்கிற டீச்சர், அதுவும் வேலை இல்லாத டீச்சர். ஆசை வராமலில்லை. மூன்று நாள் அந்த ஆசையோடுதான் பாத்திரம் தேய்த்தாள், துணி மடித்தாள்.

மூன்றாம் நாள் பெனிஷா சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள். அப்பா சொல்லியிருக்க வேண்டும்.

"எனக்கு அங்க இடமில்லையாம்மா?"

"ஒருத்தருக்குத்தான் இடம் குடுத்திருக்காங்க, பெனி."

"அப்ப நீ மட்டும் வீட்டுக்குப் போறியா?"

வீட்டுக்கு என்றுதான் சொன்னாள். குற்றம் சாட்டுகிற தொனிகூட இல்லை. ஷீலா அடுப்பை அணைத்தாள். தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெனிஷாவும் வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னைக்கு அடிச்சதுக்கு மன்னிச்சிரு" என்றாள் ஷீலா.

"வலிக்கல."

"வலிக்காட்டியும்."

"அந்த வீடியோல அவங்க என்னைய லூசுன்னு சொன்னாங்க. அதனாலதான் அடிச்ச. எனக்குத் தெரியும்." பிறகு, "நான் நம்ம தீவுக்கே போயிரலாம்னுதான் முதல்ல நீந்துனேன். கொஞ்ச தூரம் போனதும் முடியாதுன்னு தெரிஞ்சிச்சு. அதுக்குள்ள அந்த போட் அண்ணன் வந்துட்டாங்க" என்றாள்.

இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளை எதன் பக்கம் திரும்பிப் படுத்திருந்தது என்று ஷீலாவுக்கு இப்போதுதான் விளங்கியது. மகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். வளர்ந்த கால்கள் நிலைப்படிக்கு வெளியே நீண்டன.

அன்று சாயங்காலமே மெயிலுக்குப் பதில் எழுதினாள். மூன்றே வரி: நன்றி, குடும்பச் சூழல், இயலவில்லை. தியாகம் செய்த நிறைவெல்லாம் அவளுக்கு ஏற்படவில்லை. இன்னொரு தடவை பெட்டி கட்டத் தெம்பில்லை, அவ்வளவுதான். சுந்தர்சிங் அன்று மட்டும் சாப்பிட்டு முடிக்கும்வரை விழித்திருந்தார். பெனிஷாவைப் பக்கத்தில் உட்கார வைத்து, பள்ளியில் யார் யார் உன்னோடு பேசுவார்கள் என்று பெயர் பெயராகக் கேட்டார். இரண்டே பெயர்தான் வந்தது.

ஜூனில் ஷீலாவுக்குப் பக்கத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு கிடைத்தது. பூவின் பாகங்களை எல்லாம் விட்டுவிட்டு, கை கழுவும் பாடம் நடத்தினாள். விலக்குக் கடிதம் இன்னும் வரவில்லை. வராமலே போகலாம் என்று பெனிஷா சாயங்காலங்களில் சந்தனமாரி வீட்டில் உட்கார்ந்து தமிழ் எழுதிப் பழகினாள். முதல் பருவத் தேர்வில் பதினெட்டு வாங்கினாள். தேற அது போதாது.

ஆகஸ்டில் ஒருநாள் ஷீலா பள்ளி விட்டு வந்து, சாவியைக் காணாமல் பையைக் கவிழ்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். தொண்டை கட்டியிருந்தது, கால் வீங்கியிருந்தது. மாடியிலிருந்து பெனிஷாவின் குரல் வந்தது.

"ஏம்மா, அங்கன எதுக்குக் கெடந்து தேடுத? சாவி எங்கிட்டல்லா இருக்கு. நில்லு, வாரேன்."

சந்தனமாரி பேசுவது போலவே இருந்தது. இந்தப் பிள்ளை இதை எப்போது பிடித்துக்கொண்டது? சந்தோஷப்படுவதா, எதையோ இழந்துவிட்டதாக நினைப்பதா என்று ஷீலாவுக்குத் தெரியவில்லை. அதை யோசிக்கவும் அப்போது தெம்பில்லை. படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மகள் இறங்கி வரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.