விரால் சாறு

விடிவதற்குள் பன்னிரண்டு பீப்பாய்களையும் குளத்தில் கவிழ்த்தாக வேண்டும். அதுதான் என் வேலை. சுங்கை வே ஊருக்குப் பின்னால், ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய ஈயலம்பக் குளத்தை ஒட்டி எங்கள் தொழிற்சாலை. பழைய பேட்டரிகளை உடைத்துக் காரீயம் உருக்குகிறோம். பீப்பாயில் இருப்பது அதன் கழிவு. தெறித்தால் சட்டை ஓட்டையாகும். நாக்கில் எப்போதும் காசைச் சப்பியது போல ஒரு சுவை. ஆறு வருஷம் ஊற்றினேன். இவ்வளவு பெரிய குளம், தாங்கும் என்று நினைத்த மடையன் நான்.

என் மனைவி புஷ்பவல்லிக்கு வயிற்றைக் கிழித்துத்தான் பிள்ளையை எடுத்தார்கள். புண் ஆற விரால் சாறு கொடுக்க வேண்டும். மலாய்க்காரர், சீனர், நாம், எல்லாருக்கும் இங்கே அதுதான் வைத்தியம். பாசாரில் விற்கிற விலைக்கு நான் எங்கே போவேன்? பீப்பாயைக் கவிழ்த்த கையோடு அதே குளத்தில் தூண்டில் போட்டேன். தினமும் சாறு. புண் ஆறியது. ஊரெல்லாம் பெருமையடித்தேன்.

முப்பதாம் நாள் பிள்ளைக்குப் பெயர் வைத்தோம். ஆபரேஷனுக்கு லீவு கொடுத்த முதலாளி மீனாட்சிசுந்தரத்துக்கு இரண்டு கொழுத்த விராலை வாளியில் உயிரோடு கொண்டுபோனேன்.

"எங்க பிடிச்ச?"

"நம்ம குளத்துலதான் பாஸ்."

நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "வேணாம்லா. அந்தக் குளத்து மீன் எங்க வீட்டுக்கு ஆகாது."

வாளியைக் கீழே வைத்தேன். "அப்ப அது விஷம்னு உங்களுக்குத் தெரியுமா பாஸ்?"

"நான் தின்னச் சொன்னேனா? வேலையப் பாரு. இல்லன்னா வெளிய ஆள் இருக்கு."

பாவி! தெரிந்தே இருந்திருக்கிறான்.

வீட்டில் பிள்ளை பால் குடித்துக்கொண்டிருந்தது. அதன் விரல் லேசாகத் துடித்தது. எல்லாப் பிள்ளைக்கும் அப்படித்தானோ? யாரிடம் கேட்பது? புஷ்பவல்லியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை; பிள்ளையை மட்டும் மார்பிலிருந்து பிரித்தாள்.

மறுநாள் பீப்பாய்களைத் தொடாமல், பேட்டரி உடைக்கும் மாரியாயியிடம் போய்ச் சொன்னேன். அவள் கையிலிருந்த சுத்தியல் நழுவியது.

"எம் மூணாவது பய நாலு வயசாகியும் பேசல கன்னையாண்ணே. அவன் பொறந்தப்ப நானும் இதே சாறுதான் குடிச்சேன்."

உலைக்கார சபாபதி நெருப்பை அணைத்துவிட்டு வந்தான். "ஒத்த ஆளாப் போனா ஒத்த ஆளாத் தூக்கிடுவான். எல்லாரும் போவோம்."

அங்கே வேலை செய்யும் பதினொரு பேரும் தொழிற்சாலை வாசலில் நின்றோம். நாங்கள் கேட்டது இரண்டு: கழிவு இனிக் குளத்துக்குப் போகக் கூடாது. எல்லாருக்கும், பெண்டு பிள்ளைகளுக்கும், ரத்தம் சோதிக்க வேண்டும். முதலாளி காரிலிருந்து இறங்கினார்.

"யாருடா இதுக்குத் தலைவன்?"

அப்போதுதான் புஷ்பவல்லி பிள்ளையோடு வந்தாள். நாற்பது நாள் முடியாமல் வாசற்படி தாண்டக் கூடாதவள்.

"பச்சை உடம்புக்காரி ஏன்டி வந்த?" என்று மாரியாயி பதறினாள்.

ராத்திரியெல்லாம் சர்க்கரைத் தண்ணீரில் கழித்த பிள்ளை பசியில் வீறிட்டது. புஷ்பவல்லி ரவிக்கையில் கைவைத்தாள், எடுத்துவிட்டாள். முதலாளியை நேராகப் பார்த்தாள்.

"குடுக்கவா, வேணாமா? நீங்களே சொல்லுங்க பாஸ்."

அவர் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். சபாபதி அவள் பக்கத்தில் போய் நின்றான். பிறகு மாரியாயி. பிறகு நாங்கள் எல்லாரும்.

"பதில் சொல்லுங்க" என்றோம்.