கறுப்புப் பொட்டுக்குள் பதினொரு வீடுகள்

“ரெண்டு நாளா எங்க வட்டம் மங்கிப்போய்க் கெடக்குது. கட்டை மாத்துங்கன்னா ஆரு கேக்கறாங்க?” என்று டவுன் பஸ்ஸில் முன் இருக்கைப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது கோகிலவாணியின் காதில் விழுந்தது. மங்கலாகவாவது அவர்களுக்கு ஒரு வட்டம் இருக்கிறதே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அந்த மாவட்டத்தில் வட்டம் என்பது டார்ச் வெளிச்சம்தான். ஒவ்வொரு வட்டாட்சியர் அலுவலகத்தின் மொட்டை மாடியிலும் ஓர் உதவியாளர் அரசாங்க டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வெளிச்சம் எதுவரை விழுகிறதோ அதுவரை அந்த வட்டம். வெயிலில் அது கண்ணுக்குத் தெரியாது, தெரியாவிட்டாலும் இருக்கும். சர்வேயர்கள் கறுப்புக் குடையை விரித்து, அதன் நிழலில் பார்த்து எல்லையைக் குறித்துக்கொள்வார்கள்.

முதன்முதலில் வந்த டார்ச்சுகளில் பேட்டரிக் கட்டைக்கு வலு போதவில்லை. பித்தானை அழுத்தினால் ஒரு மினுக்கு வரும்; பிறகு ஓய்வு கொடுக்க வேண்டும். வட்டமும் அப்படி மினுக்கி மினுக்கித்தான் இருந்தது. அந்த மினுக்குக்குள் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும் என்பதால் அந்தத் தலைமுறைக்கு முழுப் பெயர் எழுதும் பழக்கமே இல்லாமல் போயிற்று. இரண்டு கட்டை டார்ச் வந்தபோது வட்டத்துக்குள் ஒரு மேல்நிலைப் பள்ளி வந்து சேர்ந்தது. மூன்று கட்டை வந்தபோது ரயில் நிலையம் சேர்ந்தது.

சொந்த டார்ச் வைத்திருப்பவர்களும் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்தான். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால் அந்தத் தொண்டை கொஞ்ச நேரத்துக்குத் தனி வட்டம். கட்டிலுக்கு அடியில் உருண்ட மாத்திரையைத் தேடுகிறவர்கள்கூட, அணைத்ததும் வட்டம் கலைந்தது என்று ஒரு தாளில் எழுதி வைத்துவிடுவார்கள்.

வெள்ளிச்சந்தூர் வட்டத்தில் ஒரே ஒரு குறை. அதன் டார்ச் வெளிச்சத்தில் நட்ட நடுவே ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. பொட்டுக்குள் பதினொரு வீடுகளும் ஒரு மாவு மில்லும் இருந்தன. அவை எந்த வட்டத்திலும் சேரவில்லை. நான்காவது வீடு கோகிலவாணியுடையது.

அவளுக்கு ஒரு பள்ளியில் தமிழாசிரியை வேலை கிடைத்திருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குள் இருப்பிடச் சான்றோடு போய்ச் சேர வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்திருப்பவரைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

வட்டாட்சியர் சபாபதி அவளுடைய விண்ணப்பத்தை இரண்டு பக்கமும் படித்தார்.

“ஊருக்கு நடுவுலதான் இருக்கறீங்க. ஆனா வட்டத்துல இல்லையே அம்மிணி.”

மாடியிலிருந்து ராக்கியண்ணன் எட்டிப் பார்த்தார். டார்ச் உதவியாளர் அவர்தான். “டார்ச்சுத் தலையைக் கொஞ்சம் திருகினா பொட்டுப் போயிருமுங்க சார்.”

பட்டாவுக்காக பெஞ்சில் காத்திருந்த பழனாத்தா எழுந்து நின்றாள். அவள் பயிர் செய்யும் காடு வட்டத்தின் விளிம்பில் இருந்தது.

“திருகுவீங்க, திருகுவீங்க! வட்டம் சுருங்கிச்சுன்னா நாங்க எங்க போறது? போன தடவை திருகுனப்ப என்ற எருமை பாதி வெளிய நின்னுச்சு. பாலை சொசைட்டில வாங்க மாட்டேன்னுட்டாங்க.”

“எந்தப் பாதி வெளிய நின்னுச்சு?” என்று சபாபதி கேட்டார்.

“கறக்கற பாதிதானுங்க.”

அது நியாயம்தான் என்று எல்லோருக்கும் பட்டது. சபாபதி விண்ணப்பத்தை மடித்துத் திருப்பிக் கொடுக்கப் போனார். கோகிலவாணி கையை நீட்டவில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் பேசினால் அவளுக்குக் குரல் உள்ளே போய்விடும். போன குரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

“சார், டார்ச்சை உள்ளங்கையில ரெண்டு தட்டுத் தட்டிப் பாக்கலாங்களா? எங்க வீட்டுல அப்படித்தான் செய்வோம்.”

“எல்லார் வீட்டுலயும் அப்படித்தான். இது அரசாங்க டார்ச்.” சபாபதி விதிப் புத்தகத்தை எடுத்துப் பதினான்காம் விதியில் விரலை வைத்தார். “பாருங்க, ‘உதவியாளர் டார்ச் அடிக்கலாம்.’ அவ்வளவுதான். டார்ச் அடிக்கலாம், டார்ச்சை அடிக்கக் கூடாது.”

கோகிலவாணி அந்த வரியைப் பார்த்தாள்.

“அது தொகைங்க சார்.”

“எது?”

“இரண்டாம் வேற்றுமைத் தொகை. ‘பால் குடித்தான்’னா பாலைக் குடித்தான்னுதானுங்களே அர்த்தம்? அதே மாதிரி இதுலயும் ‘ஐ’ மறைஞ்சு நிக்குதுங்க.”

சபாபதி வரியை மூன்று தடவை படித்தார். “எத்தனை வருஷமா நிக்குது?”

“விதி எழுதின நாள்லேர்ந்துங்க.”

“பாவம், உக்காரக்கூடச் சொல்லாம விட்டுட்டமே” என்றாள் பழனாத்தா.

சபாபதி மாடியைப் பார்த்துத் தலையசைத்தார். ராக்கியண்ணன் டார்ச்சை உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டினார். ஐந்து நிமிடத்தில் குடையோடு வெளியே போயிருந்த சர்வேயர் போன் செய்தார்.

“பொட்டு நகந்துருச்சு சார். இப்ப பஸ் ஸ்டாண்டு மேல இருக்குது. முப்பது பேர் வட்டத்துக்கு வெளிய நிக்கறாங்க. கண்டக்டர் யாரையும் ஏத்த மாட்டேங்கறார்.”

“இன்னொரு தட்டு” என்றார் சபாபதி.

கோகிலவாணி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். மறுபடி போன் வந்தது.

“குளத்துக்கு நடுவுல சார்.”

“விளிம்பு?”

“அப்படியே இருக்குது. எருமை முழுசா உள்ள நிக்குது.”

“குளத்துல ஆட்சேபம் ஏதாவது?”

“மீனுங்கதான் இருக்குது.”

விதிப்படி கால் மணி நேரம் காத்திருந்தார்கள். எந்த மீனும் மனுக் கொடுக்கவில்லை. பழனாத்தா “அப்பாடா” என்று பெஞ்சில் சாய்ந்தாள். அதே நேரத்தில் கோகிலவாணியின் அம்மா போனில் கூப்பிட்டாள்.

“ஏங் கண்ணு, வட்டம் வந்துருச்சா? சோறு வடிச்சிட்டு இருந்தேன், கால் பட்டுனு தரையில வந்து நின்னுச்சு.”

“வந்துருச்சும்மா” என்றாள் கோகிலவாணி. மார்பில் இத்தனை நாள் இடம் இருந்ததே தெரியாததுபோல ஒரு முழு மூச்சு உள்ளே போய் வெளியே வந்தது.

சபாபதி சான்றிதழில் கையெழுத்துப் போட்டு, கீழே வட்ட முத்திரையைக் குத்தினார். மை காயட்டும் என்று மேஜைமேல் வைத்தார்கள். ஜன்னல் வழியாக வந்த ஓர் எறும்பு தாளின் ஓரமாக நடந்து வந்து, முத்திரைக்கு நடுவில் நின்று, அங்கேயே தங்கிவிட்டது.

சபாபதி இருப்பிடச் சான்றுக்கான ஒரு புதிய விண்ணப்பப் படிவத்தை எடுத்து நீட்டினார். கோகிலவாணி அதை வாங்கி, பேனாவைத் திறந்து, மேஜைமேல் குனிந்து, கூச்சத்தோடு எறும்பின் பெயரைக் கேட்டு எழுதினாள்.