சுத்தமா இருக்கு

முப்பத்தொரு வருடம் உணவு ஆய்வாளராக வேலை பார்த்தவருக்கு ஹோட்டல்காரர்கள் வைத்த பட்டப்பெயர் பின்வாசலார். எந்தக் கடைக்குப் போனாலும் முன்பக்கமாக நுழைய மாட்டார். சுற்றிக்கொண்டு போய் பாத்திரம் கழுவும் இடத்தை முதலில் பார்ப்பார். சாக்கடை, துடைக்கிற துணி, குப்பைத்தொட்டியின் மூடி. மற்றதெல்லாம் அப்புறம். ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகியும் கால் தானாகப் பின்பக்கம்தான் திரும்பியது.

அப்படிப்பட்டவருக்கு வாழ்க்கைப்பட்டதால் அவர் மனைவி வெளியே சாப்பிட்டதே இல்லை என்று சொல்லிவிடலாம். கல்யாண வீட்டில்கூட அவர் பின்னால் போய்விட்டு வந்து கண்ணைக் காட்டினால், ஒரு வாழைப்பழத்தோடு எழுந்துவிட வேண்டும்.

இந்தத் தடவை அவளே வாய்விட்டுக் கேட்டாள். நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். மறுநாள் ஆபரேஷன். புற்று வந்த நாக்கில் முக்கால்வாசியை எடுத்துவிடுவார்கள். அதன்பிறகு சாப்பாடு வயிற்றில் போடும் குழாய் வழியாகத்தான். "திரும்ப வாயால சாப்பிட முடியுமா?" என்று அவள் கேட்டதற்கு டாக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே, "பார்க்கலாம்" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று பின்வாசலாருக்குத் தெரியும். சீல் வைத்த கடைகளின் முதலாளிகளிடம் அவரும் அதையேதான் சொல்லி அனுப்புவார்.

"கடலைப் பார்த்த மாதிரி ஒரு கடை. நான் சொல்றதைக் கொண்டு வந்து மேசையில வைக்கணும். ஒரே ஒரு தடவை" என்றாள். நாக்கு தடித்திருந்ததால் சொற்கள் குழைந்து வந்தன. அவருக்கு மட்டும் புரியும்.

பஸ்ஸில் இரண்டு மணி நேரம். பதினொன்றரைக்கு வந்து இறங்கினார்கள். திரும்பும் பஸ் நான்கு மணிக்கு. கடற்கரையை ஒட்டிய தெருவில் வரிசையாகக் கடைகள், வண்ணக் குடைகள், அரை டவுசரில் வெளியூர்க்காரர்கள். அவள் நாலு எட்டு நடந்தாள். நீலக் குடைகள் போட்ட முதல் கடை முன்னால் நின்றுவிட்டாள். மேசைக்கும் அலைக்கும் நடுவே வெறும் மணல்தான்.

"இதுதான்."

"ஒரு நிமிஷம் இரும்மா" என்று அவர் பின்னால் போனார்.

குறை சொல்ல முடியாத சமையலறை. மூன்று தொட்டி, ஓடுகிற தண்ணீர், மூடி போட்ட குப்பைத்தொட்டி. திரும்பி நடக்கப் போனவர், சமையல்காரன் கத்தியைத் துடைத்த துணியாலேயே ஒரு தட்டையும் துடைப்பதைப் பார்த்துவிட்டார்.

"வேண்டாம். துணி சரியில்லை."

"நான் என்ன துணியையா திங்கப் போறேன்?"

"காய்ச்சல், வாந்தி எது வந்தாலும் தேதி தள்ளிப்போகும்னு டாக்டர் சொன்னாரில்ல? அடுத்த தேதி ஒரு மாசம் கழிச்சுத்தான். அது வரைக்கும் உள்ள இருக்கறது சும்மா இருக்குமா?"

அவள் நீலக் குடையை ஒருமுறை பார்த்துவிட்டு நடந்தாள். அவர் சொன்னது பொய்யில்லை.

இரண்டாவது கடையில் ஈ. மூன்றாவதில் ஐஸ் பெட்டிக்குள் யாருடைய செருப்போ இருந்தது. நான்காவது கடை வாசலில் நின்றவன், "உள்ள வாங்க சார், காத்து நல்லா வரும்" என்றான்.

"பின்பக்கம் எப்படிப் போறது?"

"டாய்லெட்டா சார்? இந்தப் பக்கம்."

அவள் சிரித்தாள். சிரித்ததும் வாய் வலித்துக் கையால் பொத்திக்கொண்டாள். "போயிட்டு வாங்க. அதையும் பார்த்து ஒரு நோட்டீஸ் கொடுத்துட்டு வாங்க" என்றாள்.

ஏழாவது கடை தாண்டியதும் கடற்கரைச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். வெயில் ஏறியிருந்தது. ஒரு மாதமாகக் கஞ்சித் தண்ணீரில் ஓடுகிற உடம்பு.

"என்னால இனி நடக்க முடியாதுங்க. நீங்களே பார்த்துட்டு வந்து கூப்பிடுங்க."

அவர் மட்டும் வேகமாகப் போனார். இன்னும் ஐந்து கடை. பன்னிரண்டாவது கடையின் பின்னால், உடைந்த குழாயடியில் நிற்கும்போது அவருக்கே உறைத்தது. இதுவரை பார்த்ததில் சுத்தமானது நீலக் குடைதான். கேவலம் ஒரு துணி. வேறு துணி எடுக்கச் சொல்லியிருந்தால் எடுத்திருப்பான். வேலையில் இருந்தவரை ஆயிரம் பேரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார். இன்று ஏன் வாயில் வரவில்லை என்று தெரியவில்லை.

ஓட்டமும் நடையுமாகத் திரும்பினார். நீலக் குடைகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். நாற்காலிகள் மேசைமேல் கவிழ்ந்து கிடந்தன.

"மதியம் முடிஞ்சது சார். இனி ஆறு மணிக்குத்தான்" என்றான் கடைப் பையன்.

"ஒரு மீன் வறுத்துக் கொடுத்தாப் போதும். ஒரே ஆளுக்கு."

"அடுப்பை அணைச்சாச்சு சார்."

"நான் உணவு ஆய்வாளரா இருந்தவன்" என்று தொடங்கியவர் அதோடு நிறுத்திக்கொண்டார். அதைச் சொல்லி இதுவரை யாரிடமும் எதுவும் வாங்கித் தின்றதில்லை. அவன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான்.

தெரு முழுக்க அதே கதைதான். பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே ஒன்று மட்டும் திறந்திருந்தது. உள்ளேயிருந்து பார்த்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழம் கடல் தெரியும். அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து உட்காரவைத்துவிட்டுப் பின்னால் போனார். ஒரே தொட்டி. சாம்பல் நிறத் தண்ணீர். கவிழ்த்து அடுக்கிய தட்டுகள் மேல் பூனை ஒன்று படுத்திருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்து, சாவகாசமாகக் கடைக்குள் போனது. வேலையில் இருந்திருந்தால் அந்த நிமிஷமே பூட்டியிருப்பார்.

முன்னால் வந்தார். மணி மூன்றேகால்.

"எப்படி?" என்றாள்.

"சுத்தமா இருக்கு."

அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பூனை வந்து அவள் காலில் உரசிக்கொண்டு நின்றது. அதையும் பார்த்தாள்.

"முதல் கடையை விடவா?"

"ம்."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு, முழு மீன் ஒன்று வறுத்து எலுமிச்சையோடு கொண்டுவரச் சொன்னாள்.

மீன் வந்தது. அவள் அதைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு எலுமிச்சையைப் பிழிந்தாள். முதல் துண்டை வாயில் வைத்ததும் கண்ணில் நீர் கட்டியது. புண்ணில் புளிப்பு பட்டால் எரியாமல் என்ன செய்யும்? மென்றாள். விழுங்கினாள். நான்கு வாய். ஐந்தாவது இறங்கவில்லை. கைக்குட்டையில் துப்பி மடித்துக்கொண்டு தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்க சாப்பிடுங்க."

"எனக்குப் பசிக்கலை."

"பசிக்காகச் சொல்லலை. சாப்பிட்டு, எப்படி இருக்குன்னு சொல்லுங்க. இனிமே அப்படித்தானே."

அவர் ஒரு துண்டு எடுத்தார். அந்தச் சாம்பல் தண்ணீர் கண்முன் வந்தது. விழுங்கினார்.

"நல்லா இருக்கு."

"அது ஊரே சொல்லும்."

"கொஞ்சம் ஆறிப்போச்சு. எண்ணெய் பழசு..."

"நான் குறை கேக்கலைங்க. ருசி கேக்கறேன்."

அவருக்கு எழுதத் தெரிந்ததெல்லாம் பாசி, பூஞ்சை, எலிப் புழுக்கை. நல்லதற்கு ஆய்வுப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இருந்ததில்லை. மறுபடி ஒரு துண்டு எடுத்து, இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு மென்றார்.

"தோல் மொறுமொறுன்னு உடையுது. உள்ள வெள்ளையா, தனித்தனியாப் பிரியுது."

"ம்."

"உப்பு முதல்ல தெரியுது. புளிப்பு பின்னாலதான் வருது. கன்னத்துக்கு உள்பக்கமா."

அவள் வாய் லேசாக அசைந்தது. எதிரே பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. இருவருமே திரும்பவில்லை.

"அப்புறம்?" என்றாள்.

அவர் முள்ளிலிருந்து அடுத்த துண்டைப் பிரித்தெடுத்தார்.