பதினேழு வரி கால்குலேட்டர்

அச்சகத்தில் அவளை எல்லோரும் புரூஃப் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருஷமாகப் பிறர் எழுதியதில் பிழை பொறுக்கியவள். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு காற்புள்ளிகூட அச்சேறியதில்லை. அப்பேர்ப்பட்டவளைப் பார்த்து ஒரு கம்ப்யூட்டர், "முதல் வரியிலேயே பிழை" என்றால் எப்படி இருக்கும்? முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

விஷயம் இதுதான். மாடியில் புதிதாக இணையப் பிரிவு திறக்கிறார்கள். பத்து நாள் பயிற்சி முடிவில், கூட்டல் கழித்தல் பெருக்கல் வகுத்தல் போடும் கால்குலேட்டர் புரோகிராம் ஒன்றைத் தானே எழுதி ஓட்டிக் காட்டுகிறவர்களுக்கு அங்கே நாற்காலி. மற்றவர்கள் கீழ்த்தளத்தில் பாக்கிங். மேனேஜருக்கு அதுவரை பொறுக்கவில்லை. பாக்கிங் பட்டியலில் அவள் பேரை முதல் நாளே எழுதி வைத்துவிட்டார். "நாப்பத்தாறு வயசுல புதுசா என்னத்தக் கத்துக்கப் போறாங்க" என்று அவள் காதுபடவே சொன்னார். வீட்டுக்காரரும் அதற்கு ஒத்து ஊதினார்.

"பாக்கிங்னா பாக்கிங். சம்பளம் அதேதான? எதுக்கு மல்லுக்கட்டுற?"

"மல்லுக்கட்டத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறியிருந்தாள்.

இன்று கடைசி நாள். ஒரு மணிக்கு மேனேஜர் வருவார். பதினொன்றரை ஆகிவிட்டது. பயிற்சி வகுப்பு எடுக்கும் வாத்தியார் நல்ல மனிதர்தான், ஆனால் கை சும்மா இருக்காது. யார் திணறினாலும் கீபோர்டை இழுத்து அவரே தட்டிவிடுவார்.

"தள்ளுங்க அக்கா, நான் போட்டுத் தரேன்."

"கையை எடுங்க வாத்தியாரே. என் பிழையை நான்தான் திருத்துவேன்."

"அரை மணி நேரமா முதல் வரியிலயே நிக்கிறீங்க."

"கால் வலிச்சா சொல்றேன்."

பதினேழு வரியையும் தாளில் அச்செடுத்தாள். ஸ்கேலை வைத்துக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படித்தாள். மேலிருந்து படித்தால் அர்த்தம் கண்ணை ஏமாற்றிவிடும். புரூஃப் பார்க்கிறவர்களுக்கு இது தெரியும். முதல் வரிக்கு வந்ததும் பிடிபட்டது. பழகிய மென்பொருளில் அடித்து இங்கே ஒட்டியிருந்தாள். மேற்கோள் குறிகள் அழகாக வளைந்து திறந்து, வளைந்து மூடியிருந்தன. குச்சி மாதிரி நிற்கும் மேற்கோளைப் பார்த்தாலே சிவப்புப் பேனாவால் சுழித்துப் பழகிய கை அது. கம்ப்யூட்டருக்கோ குச்சிதான் வேண்டுமாம். ரசனை கெட்ட ஜென்மம் என்று திட்டிக்கொண்டே எல்லாவற்றையும் மாற்றினாள்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஒவ்வொரு வரி முடிவிலும் முற்றுப்புள்ளி வைத்திருந்தாள். எடு என்றது. எடுத்தாள். பள்ளிக்கூடத்துப் பெருக்கல் குறி ஆகாது, நட்சத்திரம் போடு என்றது. போட்டாள். "இப்படி இருந்தால்" என்று நிபந்தனை சொல்லும் வரிகளின் முடிவில் முக்காற்புள்ளி எங்கே என்று கேட்டது. வைத்ததை எடு, எடுத்த இடத்தில் வை. மாமியார் வீடு கெட்டது போ.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கால்குலேட்டர் ஓடியது. எட்டை இரண்டால் வகுத்தாள். 4.0 என்று வந்தது.

"என் புள்ளியையெல்லாம் பிடுங்கிட்டு, இது மட்டும் புள்ளி வைக்குது பாருங்க" என்றாள். வாத்தியார் சிரித்துவிட்டார்.

மேனேஜர் வந்தார். திரையைப் பார்த்தார். கையில் பாக்கிங் பட்டியல்.

"பரவாயில்லையே. வாத்தியார் போட்டுக் குடுத்தாரா?"

"நான் தொடவே இல்ல சார்" என்றார் வாத்தியார்.

"சரி சரி, எல்லாம் தெரியும்." பட்டியலில் அவள் பேர் அப்படியே இருந்தது.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சார், கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள். அவர் திரும்பியதும் ஒரு விசையைத் தட்டினாள். "ஒரே ஒரு குறியை எடுத்துட்டேன். கண்டுபிடிச்சு வைங்க. வச்சிட்டா நானே கீழ போயிடறேன்."

பயிற்சிக்கு வந்த ஆறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேனேஜரால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. உட்கார்ந்தார். ஒன்பதாவது வரியில் பிழை என்றது திரை. ஒன்பதாவது வரியை எழுத்தெழுத்தாகப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"இந்த வரியில ஒண்ணுமே இல்லையே. கம்ப்யூட்டர்தான் கோளாறு."

"அது மேல பழியைப் போடாதீங்க சார். எட்டாவது வரியில திறந்த அடைப்புக்குறிய மூடல. அடுத்த வரிக்கு வந்த பிறகுதான் அதுக்கே தெரியுது." குனிந்து அடைப்பை மூடினாள். ஓடியது.

மேனேஜர் பேனாவை எடுத்து, அவள் பேரின் மேல் மெல்லிசாக ஒரு கோடு இழுத்தார்.

"நல்லா அழுத்தி அடிங்க சார்" என்றாள். "இன்னும் படிக்க வருது."