தேறாமல் போவதற்கு ஒரு படம்

எழுபது வயதில் ஜுவாங் பின்ஃபாவுக்கு ஒரே ஒரு லட்சியம் இருந்தது. பரீட்சையில் தோற்க வேண்டும்.

லுவோமென் துறைமுகத்தில் முப்பத்தொரு வருஷம் பத்தொன்பதாம் நம்பர் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். மனைவி மெய்லான் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமை ஷென்ஜெனிலிருந்து மகள் போனில் பேசுவாள், சாப்பிட்டீங்களா என்று கேட்பாள், சாப்பிட்டேன் என்பார். அவ்வளவுதான் ஒரு வாரத்துப் பேச்சு. மருமகன் புதுக் கேமரா வாங்கியபோது பழையது இவர் கைக்கு வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு முதியோர் பல்கலைக்கழகத்தின் புகைப்பட ஆரம்ப வகுப்பில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் நாலு வருஷமாக எழுந்திருக்கவில்லை.

அவர் மட்டுமா? வகுப்பில் இருந்த இருபத்துநாலு பேரும் அப்படித்தான். செவ்வாயும் வெள்ளியும் காலையில் பாடம், முடிந்ததும் பின்வாசல் கடையில் சேமியாக் கஞ்சி. கஞ்சி ஆறி ஆடை கட்டுகிற வரை வாதம் நடக்கும். யாருக்கும் புகைப்படம் அவ்வளவு முக்கியமில்லை, ஆனால் கஞ்சிக்குக் கூடுவதற்கு ஒரு காரணம் வேண்டும். வருஷ முடிவில் மறுபடி அதே ஆரம்ப வகுப்பில் பெயர் கொடுப்பார்கள். வெளியே நானூற்று இருபது பேர் காத்திருந்தார்கள். காத்திருக்கட்டும், அவர்களுக்கு என்ன, அறுபது வயசுதானே என்பார்கள் உள்ளே இருந்தவர்கள்.

இந்த வருஷம் புது இயக்குநர் வந்தார். பெங் என்று பெயர். வந்த வேகத்தில் ஒரு சுற்றறிக்கை விட்டார். ஆறு பயிற்சிகளிலும் தேறியவர் சிவப்பு அட்டைச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு இடத்தைக் காலி செய்ய வேண்டும், திரும்பச் சேர முடியாது. ஒன்றிலாவது தேறாதவர் மறுபடி முதலிலிருந்து படிக்கலாம். பயிற்சியே கொடுக்காதவர் பெயர் அடிக்கப்படும். இவ்வளவும் முதல் பக்கத்தில். இரண்டாம் பக்கமும் ஒன்று இருந்தது. தாளைத் திருப்பிப் பார்க்க ஜுவாங்குக்குத் தோன்றவில்லை.

"அப்ப தோத்தாத்தான் சோறு," என்றார் ஹோங். இவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர், ஜுவாங்கின் கஞ்சிக் கூட்டாளி.

"தோக்கிறது என்ன பெரிய வித்தையா?" என்றார் ஜுவாங்.

பெரிய வித்தைதான் என்று போகப் போகத் தெரிந்தது. முதல் பயிற்சி, காலை வெளிச்சம். ஜுவாங் வேண்டுமென்றே கையை ஆட்டி ஒரு தெருவை எடுத்தார். கடைகள் எல்லாம் கஞ்சி மாதிரி கலங்கியிருந்தன. வெய் வாத்தியார் மதிப்பெண் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "காலத்தின் நடுக்கம். தேறியது," என்றார். இரண்டாம் பயிற்சியில் நாலு பேருடைய தலையை வெட்டிவிட்டுக் கழுத்துக்குக் கீழே எடுத்தார். "முகமில்லாத மனிதர்கள். ஆழமான சிந்தனை. தேறியது." ஹோங் தன் கட்டைவிரலையே லென்ஸை மறைத்து எடுத்துக் கொடுத்தார். அது 'சுய உருவப்படம்' என்ற பெயரில் வராந்தாவில் மாட்டப்பட்டது.

காரணம் இல்லாமல் இல்லை. வகுப்பு முழுக்கத் தேறி வெளியே போகாவிட்டால் அடுத்த வருஷம் வாத்தியார் வேலை இல்லை என்று பெங் சொல்லியிருந்தார். வெய் வாத்தியாருக்கு அறுபத்திரண்டு வயது. இந்த வேலையை விட்டால் அவருக்கும் செவ்வாய் வெள்ளி கிடையாது.

தேற ஆசைப்பட்டவர் ஒரே ஒருவர்தான், வகுப்புத் தலைவி சூ யூஷியா. பள்ளித் துணைத் தலைமை ஆசிரியையாக இருந்தவர். அவர் வீட்டில் சிவப்பு அட்டைச் சான்றிதழ்களுக்கென்றே ஓர் அலமாரி இருந்தது. தாமரை எடுக்கப் போனால் பையில் தண்ணீர் பீச்சும் குப்பி இருக்கும். பனித்துளி வேண்டுமாம். தடாகத்தில் நிற்கிற தாமரைக்கு அந்த அம்மாள் தண்ணீர் தெளிக்கிற அழகைப் பார்க்கவே கூட்டம் கூடும்.

ஜுவாங்கின் தொல்லை வேறு. ஐந்து பயிற்சியில் தேறிய பிறகுதான் அவருக்கே அது விளங்கியது. நாலு வருஷத்தில் மனிதர் நிஜமாகவே கற்றுக்கொண்டுவிட்டார். கெடுக்க நினைத்துத்தான் கேமராவைத் தூக்குவார், கை தன்பாட்டில் நிமிர்த்திப் பிடிக்கும், கண் வெளிச்சத்தைத் தேடிப் போகும். நீச்சல் தெரிந்தவன் குளத்தில் விழுந்து சாக நினைத்த கதைதான்.

ஆறாவது, கடைசிப் பயிற்சி: 'கடலும் உழைப்பும்'. வகுப்பு மொத்தமும் வேன் பிடித்துச் சேற்றுக் கரைக்குப் போனது. அங்கே வலை வீசிக் காட்டுவதற்கென்றே ஒரு செம்படவர் உண்டு. மீன் இல்லாத இடத்தில், படம் எடுப்பவர்கள் "இன்னொரு தடவை" என்று கேட்கக் கேட்க வீசுவார். அன்று நாற்பத்தாறு தடவை வீசினார். இருபத்துமூன்று கேமராக்கள் ஒரே வரிசையில் நின்று ஒரே படத்தை எடுத்தன. ஜுவாங் மட்டும் சலித்துப்போய், எதையாவது எடுத்துத் தொலைப்போம் என்று பின்பக்கம் திரும்பி அழுத்தினார். செம்படவரின் மனைவி கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, கொட்டாவி விட்டபடி அடுத்த வேனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அந்தப் படம் அப்படியே பேசியது. குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராக முடிந்துவிட்டது.

ஜுவாங் அதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். அன்று மாலை சமையலறையில் டீ போடும்போது சுவரில் இருந்த காலண்டர் கண்ணில் பட்டது.

அந்தக் காலண்டருக்கு ஒரு கதை உண்டு. வெய் வாத்தியார் வருஷம் தவறாமல் முதல் வகுப்பில் சொல்கிற கதை. இளவயதில் சிப்பிக்கறியை டப்பாவில் அடைக்கிற தொழிற்சாலைக்காக அவர் ஒரு காலண்டர் எடுத்துக் கொடுத்தார். அதில் ஜூலை மாதப் படத்துக்கு மாகாணப் பரிசு. மூன்று மணி நேரம் முழங்கால் சேற்றில் நின்றாராம். ஏழு பெண்கள், தலைக்கு மேல் பறவைக் கூட்டம், பின்னால் சூரியன். வருஷா வருஷம் சூரியன் கொஞ்சம் பெருத்துக்கொண்டே போகும். புயல் வெள்ளத்தில் ஃபிலிம் எல்லாம் போய்விட்டதால் அந்தப் படத்தை வகுப்பில் யாரும் பார்த்ததில்லை.

ஜுவாங் தினமும் பார்த்தார். அதில் இருந்தது மூன்று பெண்கள்தான். பறவை ஒன்றுகூட இல்லை. இடது மூலையில் முதுகைக் காட்டிக் குனிந்து சிப்பி உடைத்துக்கொண்டிருந்தவள் மெய்லான். அதற்காகத்தான் காலண்டர் முப்பது வருஷமாக ஜூலையிலேயே நின்றது. இதை வாத்தியாரிடம் அவர் சொன்னதில்லை. சொன்னால், கொடுங்கள் அண்ணே என்று கேட்டுவிடுவாரோ என்று பயம்.

இப்போது யோசனை ஓடியது. அடுத்தவன் படத்தைத் தன் படமென்று கொடுத்தால் எந்தப் பள்ளிக்கூடத்திலும் பூஜ்யம்தான். அதிலும் வாத்தியார் படத்தை வாத்தியாரிடமே கொடுத்தால், காலத்தின் நடுக்கம் என்று சொல்லித் தேற்றிவிட முடியுமா? தேதிக் கட்டங்களை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் கேமராவில் எடுத்தார். பெரிதாக அச்சுப் போட்டார். மேலே ஆணித் துளைகூடச் சின்னப் புள்ளியாக விழுந்திருந்தது. இருக்கட்டும், சாட்சியாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

கடைசி வகுப்புக்கு இயக்குநர் பெங் நேரிலேயே வந்து முன் வரிசையில் உட்கார்ந்தார். படங்கள் பலகையில் வரிசையாகக் குத்தப்பட்டிருந்தன. இருபத்துமூன்று வலை, ஒரு ஜுவாங். சூ யூஷியா எழுந்து சுற்றறிக்கையை முழுதாக வாசித்தார். முதல் பக்கம் முடிந்ததும் தாளைத் திருப்பினார்.

"பிறர் படத்தைத் தன் படமாகக் கொடுப்பவர் உடனடியாக நீக்கப்படுவார். பல்கலைக்கழகத்தின் எந்த வகுப்பிலும் மீண்டும் சேர முடியாது."

சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டாயிற்று. ஜுவாங் எழுந்து போய்ப் படத்தைப் பிடுங்கிவிடலாமா என்று பார்த்தார். வெய் வாத்தியார் அதற்குள் பலகை முன்னால் போய் நின்றுவிட்டார்.

வாத்தியார் அந்தப் படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். விரலால் ஆணித் துளையைத் தொட்டார். தன் நாற்காலிக்குத் திரும்பினார்.

வகுப்பில் ஒரு வழக்கம். வாத்தியார் மதிப்பெண் போடுமுன் ஆளுக்கு ஒரு பூ, ஒரு முள் சொல்ல வேண்டும். ஒருவர் படத்தை இன்னொருவர் புகழ்ந்தால் அவர் வெளியே போக வழி செய்ததாக ஆகும் என்பதால், இந்த வருஷம் முழுக்க எல்லாரும் நட்புக்காக முள்ளாகவே குத்திக்கொண்டிருந்தார்கள்.

"வானம் செத்துக் கிடக்கு," என்று ஆரம்பித்தார் ஹோங், ஜுவாங்கைப் பார்த்துக் கண்ணடித்து. "தொடுவானம் படத்தை ரெண்டாக் கிழிக்குது. சொத்தைப் பல்லுகூட இதைவிட அழகா இருக்கும்யா."

"கலரு பழைய துணி மாதிரி இருக்கு," என்றார் ஒருவர்.

"எடுத்தவருக்கு அவசரம் போல, ஒண்ணுக்கு வந்துடுச்சோ என்னமோ," என்றார் இன்னொருவர்.

வாத்தியாரின் காது மடல் சிவந்துகொண்டே போனது. சூ யூஷியா மட்டும் கடமை தவறாமல் பூவைத் தேடினார். கிடைக்கவில்லை. "நடுவுல இருக்கிறவங்க சிரிப்பு பரவாயில்லை. ஆனா இடது மூலையில ஒருத்தி முதுகைக் காட்டிக்கிட்டு இருக்கா பாருங்க, அது படத்துக்கே அசிங்கம். அவளை வெட்டி எறிஞ்சிருக்கணும்."

ஜுவாங் எழுந்துவிட்டார். வாயில் வார்த்தை வந்தது. வந்த வார்த்தையைச் சொன்னால் படம் யாருடையது என்பதும் சேர்ந்து வெளியே வரும். மெய்லானுக்காக ஒரு வாக்கியம் பேசக்கூட வழியில்லாமல் அவர் மறுபடி உட்கார்ந்தார். அவருக்கு அழுகை வந்தது, எழுபது வயதில் இதற்கா அழுவது என்று வெட்கமும் வந்தது.

"எனக்கு நல்லாத்தான் இருக்கு," என்றார் பெங், கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி. "காலண்டர் மாதிரி இருக்கு. தேத்திடுங்க. அடுத்தது."

"இல்லைங்க," என்றார் வெய் வாத்தியார். "இது தேறாது."

வகுப்பு நிமிர்ந்தது. இந்த வருஷத்தில் அந்தச் சொல்லை யாரும் கேட்டதில்லை.

"வாத்தியாரே, கட்டைவிரலே தேறிச்சு," என்றார் பெங்.

"அந்தக் கட்டைவிரல் பொய் சொல்லலைங்க. இந்தப் படம் சொல்லுது." வாத்தியார் பலகைப் பக்கம் போனார். "நடுவுல சிரிக்கிற அம்மா வேலை செய்யல. வேலை செய்ற மாதிரி நிக்கிறாங்க. எடுத்தவன் நிக்கச் சொல்லியிருக்கான். வலது பக்கம் இருக்கிற அம்மாவும் அப்படித்தான். ஒருவேளை அவங்க குழந்தை அந்தப் பக்கம் அழுதிருக்கும், அதைப் படச்சட்டத்துக்கு வெளியே தள்ளியிருப்பான். மூணு மணி நேரம் சேத்துல நின்னது அவன் இல்லை, இவங்க. முப்பது வருஷம் ஆனாலும் அவனுக்கு அது உறைச்சிருக்காது."

அவர் விரல் இடது மூலைக்குப் போனது. "இந்த ஒருத்தங்க மட்டும் அவன் சொன்னதைக் கேக்கல. திரும்பிக்கூடப் பாக்கல. இந்தப் படத்துல வேலை செய்றவங்க இவங்க ஒருத்தங்கதான். இவங்களை மையத்துல வைக்கத் தெரியாதவனுக்குச் சான்றிதழ் எதுக்கு? ஜுவாங் அண்ணே, நீங்க மறுபடி முதல்லேருந்து படிக்கணும்."

சிவப்பு மையில் பெரிதாக எழுதினார். பெங் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தன் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். இருபத்துமூன்று பேர் தேறியதால் மேலிடத்துக்குக் காட்டக் கணக்கு போதுமாக இருந்திருக்கும்.

மணி அடித்ததும் தேறிய துரதிர்ஷ்டசாலிகள் ஜுவாங்கைச் சூழ்ந்துகொண்டார்கள். சூ யூஷியா ஒருவர் மட்டும் அப்போதுதான் கைக்கு வந்த சான்றிதழைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு கேவலமான படத்தை எங்கய்யா பிடிச்ச?" என்றார் ஹோங், பொறாமை தாங்காமல். "நாலு வருஷக் கூட்டாளி, எனக்கு ஒண்ணு கொடுக்கத் தோணலையே உனக்கு."

"கஞ்சிக் கடைக்குச் சான்றிதழ் கேக்க மாட்டாங்க, நீ முன்னால போ," என்று அவரைத் தள்ளிவிட்டார் ஜுவாங்.

அறை காலியான பிறகு வாத்தியார் படத்தை ஊசிகளிலிருந்து மெதுவாகக் கழற்றினார்.

"இதை நான் வச்சிக்கலாமா அண்ணே?"

"உங்க படம்தானே வாத்தியாரே." ஜுவாங் தலையைக் குனிந்துகொண்டார். "என்னை மன்னிச்சிடுங்க. அந்த ரெண்டாம் பக்கத்தை நான் பாக்கல."

"அந்த மூலையில இருக்கிறவங்க பேரைக்கூட அன்னிக்கு நான் கேக்கல."

"மெய்லான். என் வீட்டுக்காரி. திரும்பிப் பாருன்னா அவ என்னிக்குத் திரும்பியிருக்கா?"

வாத்தியார் படத்தை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார். விளக்கை அணைத்தார். வாசல் வரைக்கும் போனவர் நின்றார்.

"அந்தக் காலண்டர்ல பாக்கிப் பதினொரு மாசம் இருக்கா?"

"இருக்கு. ஒரு தாளும் கிழியல."

"எல்லாம் நான் எடுத்ததுதான். ஒண்ணுகூடத் தேறாது," என்றார் வெய் வாத்தியார். "பத்திரமா வச்சிருங்க. வருஷத்துக்கு ஒண்ணு கொண்டாங்க."

ஜுவாங் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். எண்பத்தொரு வயது வரை கஞ்சிக்குக் கவலையில்லை.