பார்வையிலிருந்து மறைந்த தேர்வர்

நோலின் இன்னும் தரையில் மண்டியிட்டபடிதான் இருந்தாள். மேசைமேல் திறந்திருந்த மடிக்கணினியிலிருந்து தேர்வுக் கண்காணிப்பாளரின் குரல், எந்த நாட்டிலிருந்தோ, மரியாதையாகவே சொன்னது: தேர்வர் காமிராவின் பார்வையிலிருந்து மறைந்துவிட்டார், விதிப்படி தேர்வு ரத்து.

எண்பது கேள்விகளில் அறுபத்தொன்றாவதில் இருந்தாள் பாவம்.

"யாருடி அது, பொட்டிக்குள்ள இருந்து பேசுறது?" என்றாள் நாச்சிபூகா அத்தை.

நோலினின் கணவன் டியோவுக்கு அப்பாவின் அக்கா அவள். கண் வைத்தியத்துக்காக மசாக்கா ஊரிலிருந்து தலைநகர் கம்பாலாவுக்கு வந்து, தம்பி மகன் வீட்டில் தங்கியிருந்தாள். அவர்கள் வழக்கப்படி, அவள் அறைக்குள் வந்தால் மருமகள் மண்டியிட வேண்டும். நன்றாகத் தூங்கினீர்களா, ஊரில் எல்லாரும் சுகமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, பதில் வந்து முடியும்வரை எழக்கூடாது. கதவு திறந்த சத்தத்தில் நோலினின் முட்டி மூளையைக் கேட்கவில்லை. கல்யாணமான பதினோரு வருடப் பழக்கத்தில் தானாகத் தரைக்கு இறங்கிவிட்டது.

"ஒண்ணுமில்ல அத்தை," என்றாள்.

ஒன்றுமில்லையாவது! ஆறு வருடமாக அலுவலகத்தில் அவளுக்குக் கூட்டக் குறிப்பு எழுதுகிற வேலை. இப்போது குழுத்தலைவர் இடம் காலி. பெரிய வேலையைத் துண்டு துண்டாக்கி, இரண்டு வாரத்துக்கொரு முறை முடித்துக் காட்டுகிற 'அஜைல்' முறையில் சான்றிதழ் வாங்கினால் அந்த இடம் அவளுக்கு. மாதக் கடைசிக்குள் வாங்காவிட்டால் நேற்று வேலைக்குச் சேர்ந்த ஒருவனுக்கு. அவள் எந்த வகுப்புக்கும் போகவில்லை. வேன் நெரிசலில் நிற்கும்போது கைப்பேசியில், மட்டோக்கே வாழைக்காய் வேகும்போது அடுப்படியில் என்று தானாகவே படித்தாள்.

சாயங்காலம் டியோ விஷயம் கேட்டுச் சிரித்தான். "ரெண்டு நிமிஷம் மண்டி போட்டதுக்கா ரத்து பண்ணுனாங்க? கிறுக்குப் பசங்க."

"சிரிக்காதீங்க. இன்னும் ஒரே ஒரு தடவைதான் விடுவாங்க. தேர்வு மையத்துல ரெண்டு மாசத்துக்கு இடமில்ல. அடுத்த சனிக்கிழமை இங்கதான் எழுதணும்."

"கதவைத் தாழ் போட்டுக்கோயேன்."

"உங்க அத்தை இருக்கிற வீட்டுல மருமக தாழ் போட்டா ஊருல என்ன பேசுவாங்க? நீங்களே சொல்லுங்க."

"சரி, சரி. அன்னிக்கு நான் அத்தையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடறேன்," என்றான்.

அந்தச் சனிக்கிழமை வரை அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சமையலறைச் சுவரில் மஞ்சள் சீட்டுகளை ஒட்டினாள். படிக்க வேண்டியது, படிப்பது, முடிந்தது என்று பிரித்து, அடுப்புக்கும் சுவருக்கும் அலைந்தாள். "சுவத்துக்கு என்னடி, அம்மை போட்டிருக்கா?" என்றாள் அத்தை. பயிற்சிக் கேள்வி ஒன்று அவளைப் படுத்தி எடுத்தது. வேலை நடுவே மேலிடத்து ஆள் குறுக்கே வந்தால் என்ன செய்வாய்? நான்கு விடைகள் கொடுத்திருந்தார்கள். மண்டியிடு என்பது அதில் இல்லை.

வெள்ளிக்கிழமை அத்தை முன் மண்டியிட்டே கேட்டாள். "அத்தை, நாளைக்குப் பத்துலேருந்து பன்னண்டு வரைக்கும் மட்டும் அந்த ரூமுக்கு வராதீங்க."

"என் தம்பி கட்டுன வீட்டுல எனக்கே நேரம் குறிக்கிறியா?"

சனிக்கிழமை காலை மெக்கானிக் கூப்பிட்டான் என்று டியோ காரை எடுத்துக்கொண்டு போனான். அரை மணியில் வந்து அத்தையை அழைத்துப் போவதாகச் சொன்னான். வந்தால்தானே!

பத்து நாற்பதுக்குக் கதவு திறந்தது. காமிராவுக்குப் பின்பக்கம் கதவு. அந்தக் காமிராவுக்கு அத்தை தெரியவில்லை, நோலினுக்குத் தெரிந்தாள். முட்டி தானாக இறங்கப் பார்த்தது. இரண்டு பாதங்களையும் நாற்காலிக் கால்களில் கொக்கி போல் மாட்டிக்கொண்டாள். வாய் திறந்து பேசினாலும் ரத்து, அந்த அறையில் வேறு யார் குரல் கேட்டாலும் ரத்து. ஆனால் சின்னவள் வணக்கம் சொல்லாமல் பெரியவள் வாய் திறப்பது வழக்கமில்லை. அந்த வழக்கத்துக்காக அத்தை ஒன்பது நிமிடம் ஊமையாக நின்றாள். நோலின் கண்ணை எடுக்காமல் ஏழு கேள்விக்கு விடை எழுதினாள். பிறகு கதவு படாரென்று சாத்தப்பட்டது.

தேர்ச்சி பெற்றுவிட்டாள். மறுநாள் குடும்பமே கூடிவிட்டது, வாழ்த்த அல்ல.

நோலின் மண்டியிட்டு ஒருவர் விடாமல் வணக்கம் சொன்னாள். டியோவின் சித்தப்பா லுவாலிரா தொண்டையைச் செருமினார். "அப்படியே அத்தைகிட்ட மன்னிப்பும் கேட்டுடு. முடிச்சிடலாம்."

நோலின் எழுந்து நின்றாள்.

"வணக்கம் சொல்ல மண்டி போட்டேன் சித்தப்பா. மன்னிப்புக் கேக்க நான் என்ன தப்பு பண்ணினேன்?"

"பாத்தீங்களா? பாத்தீங்களா?" அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டாள். "இனி இந்த வாசலை மிதிக்கமாட்டேன்!"

டியோ பாய்ந்து போய் அத்தையின் காலடியில் மண்டியிட்டுவிட்டான். "போகாதீங்க அத்தை. அவளுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன்."

"ஐயையோ, எந்திரிடா!" அத்தை அலறினாள். "ராஜாவுக்கு முன்னால தவிர ஆம்பள முட்டி தரையில படலாமா? ஒரு பொம்பள முன்னால! எவ்வளவு பெரிய அவமானம்டா!"

சித்தப்பா அவன் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார். இன்னொருவர் அவன் கால்சட்டை முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டார்.

"அவமானமா அத்தை அது?" என்றாள் நோலின். "பதினோரு வருஷமா எங்கிட்ட மரியாதைன்னுதானே சொன்னீங்க?"