பொருளுக்குப் புறம்பான கேள்வி

என் வீட்டுக்காரர் பஞ்சாபகேசன் வீட்டில் வாயே திறக்கமாட்டார். மின்னஞ்சல் குழுவில் மட்டும் ராஜா. ஃபிஜித் தீவில் நாடி என்ற ஊரில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கத் திருவையாற்றிலிருந்து வந்தவர், பசிபிக் தீவுகளில் புரோகிராம் எழுதுகிறவர்களுக்காக ஒரு குழு நடத்தினார். ஒருவர் எழுதினால் முந்நூறு பேருக்கும் போகும் என்பதால் ஏகப்பட்ட கட்டுப்பாடு. சொந்தக் கதை கூடாது. தவிர்க்கவே முடியாத கேள்வி என்றால் பொருளுக்குப் புறம்பானது என்று காட்டத் தலைப்பில் 'ஓ.டி.' என்று போட்டு, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஒரே ஒரு தரம் கேட்கலாம். பதில் சொல்கிறவர்கள் கேட்டவருக்குத் தனியாக எழுதவேண்டும். கேட்டவர் கடைசியில் கிடைத்த விடையைச் சுருக்கி எல்லோருக்கும் தெரிவிக்கவேண்டும். வீட்டில் புளி தீர்ந்துபோனதைக்கூட இவரிடம் இப்படித்தான் சொல்லவேண்டுமா என்று கேலி செய்வேன்.

இரண்டாயிரமாவது வருடம் ஏப்ரலில் தலைநகர் சூவாவிலிருந்து லயனல் என்பவர் எழுதினார். கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழர் வம்சம், கத்தோலிக்கர். எண்பத்தேழில் இந்தியர் பங்கு வகித்த ஆட்சியை ராணுவம் கவிழ்த்தபோது அண்ணன்மார்கள் கனடா போய்விட்டார்கள், லயனல் மட்டும் தங்கிவிட்டார். இப்போது மறுபடியும் ஊர் சரியில்லை, மகள் வனெசா வளர்கிறாள், நியூசிலாந்து போனால் இந்த வயதில் வேலை கிடைக்குமா, போனவர்கள் யாராவது சொல்லுங்கள் என்று நீளமாகக் கேட்டிருந்தார். 'ஓ.டி.' போடவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். குழுவின் மரியாதை தெரியாதவர்கள் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்று முந்நூறு பேர் முன்னால் எழுதிவிட்டார். அந்த மனுஷர் கேட்டதே வேறு இடம்தானே என்றேன். காதில் வாங்கவில்லை. அதற்குப் பிறகு லயனலுக்குப் பதில் எழுத யாரும் துணியவில்லை.

மே மாதம் ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கு நான் சூவா போயிருந்தேன். நான் போய்ச் சேர்ந்த வாரமே துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்தார்கள். கடைத்தெரு எரிந்தது. பஸ் நின்றுபோனது. எங்கள் விடுதிக் காப்பாளர் பயந்துபோய் ஆபீஸ் அறையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே இருந்த ஒரே போன் அந்த அறைக்குள்தான். அது அடித்துக்கொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர்தான் கூப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். கதவைத் தள்ளினேன், முட்டினேன், கடைசியில் அதன்மேலேயே சாய்ந்துகொண்டு அழுதேன். நான் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வழியில்லை. போன் அடிப்பது நின்றபோது இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் காலை ஊரடங்கு கொஞ்சம் தளர்ந்ததும் ஒருவர் நடந்தே வந்து வாயிற்கதவைத் தட்டினார். ஒல்லியான ஆள், சட்டையெல்லாம் வியர்வை. என் பெயரை இரண்டு தரம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, ஹிந்தியில் அக்கா என்று கூப்பிட்டார்.

"நான் லயனல். தீதி, ஒங்க ஊட்டுக்காரர் கேக்குறாரு. நீங்க டீக்கா இருக்கீங்களா?"

நான் நலமா என்று உங்களையா அவர் கேட்டார் என்றேன். எல்லோரையும் கேட்டார், நான்தான் பக்கத்தில் இருக்கிறேன் என்று தமிழும் ஹிந்தியுமாகச் சொன்னார். என் வீட்டுக்காரர் தன் சட்டம் ஒன்றையும் விடவில்லையாம். தலைப்பில் 'ஓ.டி.', அப்புறம் மன்னிப்பு, அப்புறம் ஒரே வரி: என் மனைவி கிரிஜா சூவாவில் இந்த விடுதியில் இருக்கிறாள், போனை யாரும் எடுக்கவில்லை, யாராவது போய்ப் பார்க்க முடியுமா?

லயனல் என்னைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். அவர் மனைவி மேரியன் சூடாகத் தேநீர் கொடுத்தாள். போன் செய்தேன். முதல் மணி முடியும் முன்னே எடுத்தார்.

"ஏன்னா, நான்தான் பேசறேன்."

"சாப்பிட்டியா?" என்றார்.

நான் வீடு திரும்பியபோது திரையில் அவர் எழுதிய சுருக்கம் அப்படியே இருந்தது: அவள் நலம். நான்தான் நலமாக இல்லை. விடை கொண்டுவந்தவர் லயனல். அவர் ஏப்ரலில் கேட்ட கேள்வியை நான் அடைத்துவிட்டேன். அதே கேள்வியை இப்போது என் பெயரில் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கல்யாணமாகிப் பத்து வருடத்தில் எனக்கென்று ஒரு வரி எழுதாத மனுஷர், யாரென்றே தெரியாத முந்நூறு பேருக்கு இப்படி எழுதியிருந்தார். படித்துவிட்டு அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

பதில்கள் வந்து குவிந்தன. தனியாக எழுதவேண்டும் என்பதை யாரும் மதிக்கவில்லை, இவரும் தடுக்கவில்லை. நியூசிலாந்தின் ஹாமில்டனில் ஒருவர் தன் ஆபீஸிலேயே சொல்லி லயனலுக்கு வேலைக்கு ஏற்பாடு செய்தார். அதற்குள் லயனல் எங்கள் வீட்டு மனிதராகியிருந்தார். சூவாவிலிருந்து பஸ் பிடித்துக் குடும்பத்தோடு வருவார். இவரும் அவரும் கம்ப்யூட்டரைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசுவார்கள். இவருக்கு இவ்வளவு சிரிக்கத் தெரியும் என்று நான் அப்போதுதான் கண்டேன்.

டிசம்பரில் நாடி விமான நிலையத்தில் அவர்கள் மூவரையும் வழியனுப்பினோம். உள்ளே போகும் முன் லயனல் இவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர், ஓ.டி. போடாம ஒண்ணு கேக்கறேன். எங்க ஊட்டுக்கு எப்ப வருவீங்க?"

இவர் தலையை மட்டும் ஆட்டினார். வனெசா திரும்பித் திரும்பிக் கையசைத்துக்கொண்டே போனாள். கார் நிறுத்தத்துக்கு வந்தும் இவர் கதவைத் திறக்கவில்லை.

"லயனலுக்காக அந்தக் கேள்வியை நான் கேக்காமலே இருந்திருக்கலாமோ, கிரிஜா?"

நானும் வாசலிலிருந்து அதையே நினைத்துக்கொண்டுதான் நடந்து வந்திருந்தேன்.